வாளியின் அடியில் மூன்று தட்டு

என் மாமனாரின் வாளிக்கு மூடி கிடையாது. பால்மரம் வெட்டிய காலத்தில் ரப்பர்ப் பால் சுமந்த வாளி அது. மரங்களை அழித்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு அதற்கு வேலையில்லாமல் போய், மாமனாரிடம் வேறு வேலைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கைப்பிடி அறுந்துபோய்க் கம்பி சுற்றியிருக்கும். அடிப்பாகம் மட்டும், யாரோ வேண்டுமென்றே அடித்து அடித்துக் குழித்தது மாதிரி உள்வாங்கியிருக்கும். குளியலறைக்குப் பின்னால் வேலிக் கட்டையின் மேல் கவிழ்ந்து கிடக்கும் அதை என் மாமியார் வீட்டுக்குள் விட்டதே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் விவரம் தெரியாமல் அதில் தண்ணீர் பிடிக்கப் போனேன். "ஐயோ, அதத் தொடாத புள்ள! அது கொடல் வாளி!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் லயத்து வீட்டு வரிசையின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நான் உலு யாமில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வரிசையாக நகர்ந்து வரும் சாமான்களில் பழுதானதைப் பார்த்துப் பொறுக்கித் தள்ள வேண்டும். நாள் முழுக்க எதில் என்ன குறை என்று தேடித் தேடி, வேலையை விட்ட பிறகும் கண் அதையேதான் தேடியது. காய்கறி லோரிக்காரன் தராசையும் பார்ப்பேன், தராசில் அவன் விரலையும் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் காரணத்தைத் தேடுவேன். "ஒங்கிட்ட சாமியே வந்து நின்னாலும் ஐசி கார்டு காட்டச் சொல்லுவ லா" என்று என் கணவர் கேலி செய்வார். எண்பதுகளின் நடுவில், ஜெராம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தபோது நான் கொண்டுபோன சீர்வரிசையில் அந்தச் சந்தேகக் கண்ணும் ஒன்று.

மாமனார் தோட்டத்துத் துப்பாக்கிக்காரர். இளம் செம்பனையின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடும் என்பதால் நிர்வாகம் ஒரு துப்பாக்கியை அவரிடம் ஒப்படைத்திருந்தது. அதிகம் பேசமாட்டார். காக்கித் தொப்பி, முழங்கால் வரை ஏறிய ரப்பர் காலணி, தோளில் துப்பாக்கி, கையில் அந்த வாளி. அந்தத் தோட்டத்தில் என்னிடம் மனம்விட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான். நான் எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்பது மற்றவர்களுக்கு எரிச்சல், அவருக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நான் போட்ட கோப்பிதான் வேண்டும் என்பார். அதைக் குடித்துக்கொண்டே அன்று காட்டில் பார்த்ததைச் சொல்வார். அந்த நேரத்துக்காக நான் காத்திருப்பேன்.

நான் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போனபோது அவருடைய பறவைகளைப் பார்த்தேன். கடற்கரைச் சதுப்புக் காட்டில் கூடு கட்டும் பருந்துகள் அவை. வெள்ளைத் தலை, வெள்ளைக் கழுத்து, மற்றதெல்லாம் செங்காவி. மாமனார் வெறுங்கையோடு போனால் அவை பட்டமரத்தில் உட்கார்ந்தபடி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தோளில் துப்பாக்கி இருந்தால் ஒன்று மட்டும் எழுந்து, மரத்துக்கு மரம் தாவி, அவருக்கு முன்னாலேயே போகும். வெடிச்சத்தம் கேட்டதும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் ஐந்தாறு வந்து தலைக்குமேல் சுற்றத் தொடங்கிவிடும். குறி தப்பியிருந்தால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அடிபட்ட பன்றி புதருக்குள் ஓடி விழுந்திருந்தால் அதற்கு நேர்மேலே நின்று வட்டமிடும், அவர் அந்த இடத்தைப் பார்த்து நடந்துபோவார். அவர் நாய் வளர்க்கவில்லை. குடலை வாளியில் அள்ளிக்கொண்டுபோய், வாய்க்கால் ஓரத்து லாலாங் புல்வெளியில் கவிழ்ப்பார். ஒட்டிக்கொண்டிருப்பது விழுவதற்காக அடியில் கட்டையால் மூன்று தட்டு. அந்தத் தட்டுக்குப் பிறகுதான் அவை இறங்கும். தரையில் உட்காராது. பறந்தபடியே வந்து காலால் பறித்துக்கொண்டு போகும்.

"மாமா, இது கருடன்தானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமா."

"பன்றிக் கொடலத் திங்குதே?"

"கறிய நாம திங்கிறோமே புள்ள."

மாமியார் இதை ஏற்கமாட்டார். புல்வெளியில் வருவது வெறும் பருந்து, கோயிலுக்கு வருவதுதான் கருடன் என்பார். வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கும்போது வானத்தில் ஒன்று தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதே பறவை சாயங்காலம் வாய்க்கால் பக்கம் போனால் "தூ" என்பார். எது எப்போது எதுவாக மாறுகிறது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். அதனால் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், பார்ப்பதை நிறுத்தவில்லை.

மாமனார் தோட்டத்து அம்மன் கோயிலுக்குள் போகமாட்டார் என்பதை அப்படித்தான் கவனித்தேன். வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லாரும் உள்ளே போனால் அவர் வெளியே சாக்கடை ஓரம் நின்று கும்பிடுவார். யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. கணவரிடம் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். முந்தைய கும்பாபிஷேகத்தில், கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில், கருடன் வரவில்லையாம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். அந்த வருடமே லயத்தில் அடுத்தடுத்து மூன்று சாவு. துப்பாக்கிக்காரன் வெடித்து வெடித்துத் தோட்டத்துப் பக்கமே கருடன் வராமல் விரட்டிவிட்டான் என்று பேச்சு வந்தது. வராமல் விரட்டிவிட்டாராம்! அவர் தலைக்குமேல் தினம் சுற்றுகிற கூட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

நான் வந்த இரண்டாம் வருடம் மறுபடி கும்பாபிஷேகம். அதற்கு அடுத்த மாதம் அதே கோயிலில் என் நாத்தனாருக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கெர்லிங் ஊர். கூட்டத்தில் கோயில் தலைவர் எழுந்தார். அவர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர், எதையும் நேராகச் சொல்லமாட்டார். "நான் யாரயும் குத்தம் சொல்லல. ஆனா இந்த வாட்டியும் கருடன் வரலன்னா, சில வீட்டு வரிய நாம வாங்குறதா வேணாமான்னு யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார். கோயில் வரி வாங்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கோயில் இல்லை. கோயில் இல்லாவிட்டால் நாத்தனாருக்கு அங்கே தாலி ஏறாது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் கும்பாபிஷேகத்துக்கே வருவதாக இருந்தார்கள். ஒதுக்கி வைத்த வீட்டில் பெண் எடுக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை.

காப்புக் கட்டியதிலிருந்து மண்டலம் முடியும்வரை தோட்டத்தில் வெடிச் சத்தமே கேட்கக்கூடாது என்றார் தலைவர். மாமனார் மறுபேச்சில்லாமல் துப்பாக்கியைத் துடைத்து ஆபிசில் ஒப்படைத்தார். வீட்டில் கவிச்சி சமைப்பது நின்றது. வேலையில்லாத வாளி வேலிக் கட்டையில் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் ஒருநாள் சாயங்காலம் பார்த்தேன், வாளியைக் காணோம். பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்திருந்தது, ஈரமாக. மறுநாளும் அப்படியே. பக்கத்தில் போய் மோந்தேன். மீன் வாடை.

மாமியாருக்கும் வாடை எட்டியிருக்கிறது. "இந்த மனுசன் ஜெராமுக்குப் போயி கள்ளத்தனமா மீனு திங்கிறாரு. காப்புக் கட்டுன ஒடம்பு! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறாரு" என்று என்னிடம் பொருமினார். எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. சாப்பிடப் போகிறவர் குடல் வாளியை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறார்? பழம் பொறுக்கி முடித்த கையோடு ஒருநாள் வாய்க்கால் பக்கம் நடந்தேன். மாமனார் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஜெராம் மீன்காரர்கள் கழித்த குடலும் செவுளும். அடியில் மூன்று தட்டு. துப்பாக்கி இல்லை, வெடி இல்லை, ஆனாலும் அத்தனையும் வந்து இறங்கின. எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. மனிதர் பறவைகளைப் பழக்குகிறார். வெடி இல்லாமலே, வாளித் தட்டுக்கு வரும்படி பழக்குகிறார். கும்பாபிஷேகத்தன்று எங்கேயோ நின்று தட்டப்போகிறார். தப்பு என்று தோன்றவில்லை. நாத்தனார் கல்யாணம் நடக்க வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் மாமியாரின் புலம்பலை நிறுத்துவதற்காகப் பார்த்ததைச் சொன்னேன். "மீனு அவருக்கில்ல அத்தை, பருந்துக்கு. வாளி அடியில மூணு தட்டு தட்டுனா வருது" என்றேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

கும்பாபிஷேகத்துக்குச் சில நாட்கள் முன்பு தலைவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "எல்லாம் நல்லபடியா நடக்கணும் மாமா. வர வேண்டியது வந்துட்டா ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். பாத்துக்குங்க என்றால் என்ன அர்த்தம்? கூட்டத்தில் ஒரு வாய், வாசலில் ஒரு வாயா? இந்த மனிதருக்கும் வாளி விஷயம் தெரியும் என்று அன்றே குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாமனார் ஜெராமுக்குப் போகவும் இல்லை, வாளி கட்டையை விட்டு இறங்கவும் இல்லை. பறவைகளைப் பசியோடு வைத்திருக்கிறார், கெட்டிக்காரர் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

கும்பாபிஷேகத்தன்று கூட்டம் தாங்கவில்லை. கெர்லிங்காரர்கள் பட்டும் வேட்டியுமாக முன்வரிசையில். தலைவர் சாரத்தின் மேல், குருக்களுக்குப் பக்கத்தில். மேளமும் நாதசுரமும் உச்சத்தில் இருந்தன. குடத்துத் தண்ணீர் கலசத்தில் விழுந்ததும் எல்லாத் தலையும் வானத்தைப் பார்த்தன. நான் வானத்தைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தேன். சாக்கடை ஓரம் அவருடைய பழைய இடத்தில், வெள்ளை வேட்டியில், வெறுங்கையைக் கூப்பி நின்றார். அவரும் மற்றவர்களைப் போல அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வாளி இல்லை. பக்கத்திலும் இல்லை. பிறகு எப்படி? வானம் வெறுமையாக இருந்தது. சாரத்தின் மேலிருந்து தலைவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கெர்லிங்காரர்களுக்குள் யாரோ எதையோ குனிந்து சொன்னார்கள்.

அப்போதுதான் கேட்டது. கோயிலை ஒட்டிய லயத்துக்குப் பின்னாலிருந்து, தகர ஓசை. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. மேளச் சத்தத்துக்குள் அது வேறு யார் காதிலும் விழுந்திருக்காது, தெரிந்த காதுக்குத்தான் கேட்கும். மாமனாருக்குக் கேட்டது. கூப்பிய கை அப்படியே இருக்க, அவர் தலை மட்டும் வானத்திலிருந்து இறங்கிச் சத்தம் வந்த திசைக்குத் திரும்பியது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகம் அது. அடுத்த நிமிடம் கடற்பக்கத்திலிருந்து இரண்டு வந்தன, பின்னால் இன்னும் ஒன்று. கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. இறங்க ஒன்றும் இல்லாததால் இறங்கவில்லை. வந்த வழியே போய்விட்டன. கூட்டம் கோவிந்தா கோவிந்தா என்று கதறியது. பெண்கள் அழுதார்கள். தலைவர் சாரத்திலிருந்து ஓடிவந்து மாமனாரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்த் தலையில் பரிவட்டம் கட்டினார். மாமனார் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். நான் கூட்டத்தைத் துழாவினேன். மாமியாரைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெண்கள் பக்கத்தில் தென்பட்டார், கையெடுத்துக் கும்பிட்டபடி.

மறுநாள் கோப்பி கொண்டுபோனேன். மாமனார் வேலிக் கட்டையருகே வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான தட்டுன?" என்றார்.

"சத்தியமா இல்ல மாமா. நான் அங்கதான நின்னேன், நீங்க பாக்கலியா?"

"எனக்கு எங்க பாக்க. வானத்தத்தான பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "போன வாட்டி அது ஏன் வரலன்னு எனக்குத் தெரியும் புள்ள. அன்னிக்கு விடியக்காலையில கன்னுத் தோட்டத்துல பன்னி பூந்துருச்சின்னு தொர ஆள் வுட்டாரு. சுட்டேன். கொடலக் கொட்டிட்டு ஓடியாந்தேன். எல்லாம் அங்கதான் தின்னுக்கிட்டு இருந்துச்சி. சாமிக்கு வர வேண்டியத நான் கொடலுக்குக் கூப்புட்டு வச்சிக்கிட்டேன். இத்தன வருசமா அதத்தான் கேட்டுக்கிட்டு நின்னேன். பழக்குனத பட்டினி போட மனசில்லாம மீனு போட்டேன். கடசியில அதயும் நிறுத்திட்டேன். யாரும் கூப்புடாம தானா வந்தா, ஆத்தா என்ன மன்னிச்சிட்டான்னு இருப்பேன். வரலன்னா வரல, கோயில்லேருந்து வெட்டி உடட்டும். இப்ப எனக்கு எதுவுமே தெரியாமப் போச்சி."

நான் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். தோட்டத்தில் அவரைப் பின்தொடர்ந்து போய் வேவு பார்த்தது யார், வாளித் தட்டின் சூட்சுமம் யாருக்குத் தெரியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அன்று வாய்க்கால் ஓரம் நான் நின்றதை அவர் கவனித்திருக்கிறார், பார்த்தவள் நான் ஒருத்திதான். மாமியாரிடம் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த வீடு என்னவாகும்? தலைவர் ஆள் வைத்துத் தட்டியிருக்கலாம் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. நிச்சயமில்லாத ஒன்றை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். கோப்பி ஆறிப்போனது. அதற்குப் பிறகு அவர் என் கையால் கோப்பி கேட்கவில்லை. நாத்தனார் கல்யாணம் ஜோராக நடந்தது. துப்பாக்கி திரும்பி வந்தது, பறவைகளும் திரும்பி வந்தன. தோட்டத்தில் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது, கருடனை வரவழைத்த மனிதர் என்று காலில் விழுந்தார்கள். அவர் மட்டும் கடைசிவரை சாக்கடை ஓரத்திலேயே நின்று கும்பிட்டார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வேண்டிய பேச்சு மட்டும் பேசினார். அந்தப் பேச்சில்லாத வருடங்கள் எனக்கு வலித்தன, இன்னும் வலிக்கின்றன. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட என்னை, நான் உண்மையைச் சொன்ன ஒரே விஷயத்தில் அவர் நம்பவில்லை.

தோட்டம் போய், லயம் போய், மாமனாரும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. போன மாதம் கோலசிலாங்கூரில் படகு ஏறினோம். இப்போது அங்கே ஆற்றில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய்ப் பருந்துக்குத் தீனி போட்டுக் காட்டுகிறார்கள். என் கணவர் போட்டோ எடுப்பதற்காகப் படகின் முன்னால் போய் நின்றுகொண்டார். தள்ளாத வயது மாமியாரும் நானும் பின்பலகையில். படகுக்காரப் பையன் கோழித்தோல் நிறைந்த வாளியைத் தூக்கி, பக்கவாட்டில் கரண்டியால் டொங்கு டொங்கென்று அடித்தான். தூரத்தில் வட்டமிட்டவை வரவில்லை.

மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல அடிச்சா சத்தம் செதறிப் போயிரும்" என்றார். "அடியில தட்டணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்கதானா அத்தை?"

"பொண்ணு கல்யாணம் புள்ள. வேற என்ன செய்யச் சொல்ற?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார், "ஒன்னயத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தாரு. எனக்குத் தெரியும். நான் இல்லன்னு சொல்லல, ஆமான்னும் சொல்லல. தெரிஞ்சிருந்தா எங்கிட்டப் பேசியே இருக்கமாட்டாரு. ஒங்கிட்டப் பேசலன்னா ஒனக்கென்ன, ஒனக்குப் புருசன் இருந்தான். எனக்கு அவர விட்டா யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலமாகச் சேர்த்து வைத்த கோபம், கொட்டினால் படகு தாங்காது. ஆனால் அந்தச் சுருங்கிய கை பையனிடமிருந்து வாளியை வாங்குவதற்காக நீண்டிருந்தது. பையன் தோலையெல்லாம் ஒரு தட்டில் கொட்டிவிட்டுச் சிரித்தபடி காலி வாளியைக் கொடுத்தான். அவர் அதை மடியில் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் அடியில் மூன்று தட்டினார். கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. கும்பாபிஷேகத்தன்று நான் ஒரே ஒருமுறை கேட்ட அதே தட்டு. அவை திரும்பின. தலைக்குமேல் வந்து வட்டமிட்டன.

முன்னால் நின்ற என் கணவர் போட்டோ எடுப்பதை மறந்து, கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் தன் அம்மாவின் மடியில் வாளி கிடந்ததை அவர் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.